மைஸெல் பாலம்

மைஸெல் குடும்பத்தில் இதுவரை யாரும் கைதானதில்லை. இதை ஹோரஸ் மைஸெல் ஒரு தகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில், கழிமுகத்தின் இரு பக்கமும் பரவிக் கிடக்கும் பெலிகன் பாய்ன்ட் என்ற ஊரில் அவர் குடும்பம் ஆறு தலைமுறையாக இருக்கிறது. ஊரின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்துக்கு அவருடைய தாத்தா ஏசா மைஸெலின் பெயர். பாலம் வருவதற்கு முன் அங்கே ஏசாதான் தட்டைப் படகு ஓட்டினார். ஒரு பெரும்புயலில், கடல் ஊருக்குள் ஏறிவந்த நாளில், பகல் முழுவதும் அக்கரைக்கும் இக்கரைக்குமாக ஆட்களைக் கடத்தி, கடைசி நடையில் படகோடு மூழ்கிப் போனார். பாலத்தின் தலைமாட்டில் ஒரு வெண்கலப் பலகை இருந்தது. “ஏசா மைஸெல். யாரையும் கரையில் விட்டுவிட்டுப் போகாதவர்” என்று அதில் எழுதியிருந்தது. ஹோரஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றுவார். எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாமல் இருந்ததால் அந்த மரியாதை பார்க்க நன்றாக இருந்தது.

மாநிலக் குணநலக் காப்பு வாரியம் என்று ஒன்று புதிதாக வந்தது. பொது இடங்களுக்குச் சூட்டிய பெயர்கள் மாநிலத்தின் குணத்துக்குப் பொருத்தமானவைதானா என்று அது ஒவ்வொன்றாகப் பரிசீலித்தது. மைஸெல் பாலத்தின் முறை வந்தபோது ஹோரஸ் கறுப்பு கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, மனைவி ஏர்லீனுடன் தன் கோல்ஃப் வண்டியில் புறப்பட்டார். அந்த ஊரில் கண் மங்கியவர்கள் எல்லோரும் கோல்ஃப் வண்டியில்தான் போவார்கள். ஊர்த் தெருக்களிலும் பாலத்திலும் அதற்கு அனுமதி உண்டு.

வாரியத்தின் அலுவலகம் முன்பு சிப்பி பொம்மை விற்ற கடை. வாசலில் சுண்ணாம்பில் செய்த சுறா வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எல்லா அதிகாரிகளும் பல்லில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போய் வந்தார்கள். ஹோரஸ் குனிந்து பழக்கமில்லாதவர். தொப்பியைப் பல் தட்டிவிட்டது.

இயக்குநர் டாக்டர் பிரெண்டா ஹாஃப்ஸ்டெட்டர் அவரை அன்போடு வரவேற்றார்.

“உங்க குடும்பத்தப் பத்திச் சொல்லுங்க மிஸ்டர் மைஸெல்.”

“ஆறு தலைமுறை மேடம். ஒருத்தர்கூட ஜெயில் வாசல மிதிச்சதில்ல. தேவாலயத்துல எங்களுக்குன்னு ஒரு பெஞ்சு இருக்கு.”

இயக்குநரின் முகம் வாடியது. “ஒரு கைதுகூட இல்லையா?”

“இல்ல மேடம்.”

“பொது இடத்துல ஆடையில்லாம…?”

“மேடம்!”

“மன்னிச்சுக்கங்க, விதிப்படி நான் கேட்டாகணும். வளர்ப்பு மிருகத்தோட கடைக்குள்ள போயி கலாட்டா? குடிச்சிட்டுப் புல்வெட்டி வண்டிய ரோட்டுல ஓட்டினது? சித்தப்பா, மாமா வழியில யாராவது?”

“எங்க தாத்தா புயல்ல ஊரையே காப்பாத்தினார்.”

“அப்போ அவர் குடிச்சிருந்தாரா?”

“அவர் வாழ்நாள்ல தொட்டதில்ல.”

“படகுல மிருகம் ஏதாவது?”

ஹோரஸ் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். “ஒரு விதவையோட கோவேறு கழுதை இருந்துச்சு.”

இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “கழுதைக்குத் தொப்பி ஏதும் போட்டிருந்தாங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல.”

அவர் மறுபடி சாய்ந்துகொண்டார். பிறகு சன்னல் பக்கம் திரும்பி, பல கூட்டங்களில் பேசிப் பழகிய குரலில் சொன்னார்: “மிஸ்டர் மைஸெல், அயோவா சோளம் ஏத்துமதி பண்ணுது. டெக்சஸ் எண்ணெய் ஏத்துமதி பண்ணுது. நாம செய்தி ஏத்துமதி பண்றோம். நார்வேல ஒருத்தன் காலையில எந்திரிக்கிறான். வெளிய பனி, உள்ள சோகம். போனைத் திறக்கிறான். ‘ஃப்ளோரிடா ஆள்’னு ஒரு தலைப்பு. நம்ம ஆளு ஒருத்தன் நீச்சல் டவுசரோட குளிர்பான மிஷின்கூட மல்லுக்கட்டிட்டு இருக்கான். நார்வேக்காரன் சிரிக்கிறான், பல்லு தேய்க்கப் போறான். உலகத்துக்கு நாம செய்யற சேவை அது. உங்க தாத்தா ஒரு ஊரத்தான் காப்பாத்தினார். அந்தக் காலத்துக்கு அது போதும்.”

“நீங்க எந்த ஊரு மேடம்?” என்றாள் ஏர்லீன்.

“ஒஹாயோ. இங்க வந்து ரெண்டு வருஷம் ஆகுது. அதனாலதான் இந்த மாநிலத்தோட அருமை எனக்குத் தெரியுது. இங்கேயே பொறந்தவங்களுக்கு அது பிடிபடறதில்ல.”

பாலத்தின் பெயரை உடனே எடுத்துவிடுவதாக இல்லை. குடும்பத்துக்கு ஒரு வாய்ப்பு தரப்படும். மேற்பார்வையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து கவனிப்பார். குறிப்பிடும்படியாக ஒரு நிகழ்வு நடந்தால் பெயர் நிலைக்கும். நடக்காவிட்டால் அடுத்த தகுதியாளருக்குப் போகும். அடுத்த தகுதியாளர் ரிக்கி ஸ்பைவி. போன புயலில், காற்றடைத்த ரப்பர் அன்னத்தின் மேல் ஏறி, தொப்பி மட்டும் அணிந்து, உருளைக்கிழங்கு வறுவல் வாங்க நடுத்தெரு வழியாக மிதந்து போனவன். கடை மூடியிருந்தது என்பதில் அவனுக்கு இன்னும் வருத்தம் உண்டு.

மேற்பார்வையாளர் டிரெவர் மறுநாள் காலையே வந்துவிட்டான். மின்னசோட்டாவிலிருந்து வந்த வெளுத்த இளைஞன். தோல் ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்தது. கொசுவலை அடித்த தாழ்வாரத்தில் அவனுக்கு நாற்காலி போட்டு, புகையில் வாட்டிய மடவை மீனும் சோளக்கஞ்சியும் கொடுத்தாள் ஏர்லீன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோட்டத்தில் எதையோ பார்த்து ஸ்பூனைக் கீழே போட்டான்.

கோல்ஃப் வண்டியின் அடியில் ஒரு முதலை படுத்திருந்தது. நல்ல நீளம். ஹோரஸ் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அதன் வாலருகே தரையில் இரண்டு தட்டு தட்டினார்.

“எந்திரிம்மா. நான் வண்டிய எடுக்கணும்.”

முதலை பெருமூச்சு விட்டது. எழுந்து, மெதுவாக நடந்து, பக்கத்து வீட்டுக் குளத்தில் இறங்கியது. ஹோரஸ் அது படுத்த இடத்தைப் பெருக்கிவிட்டு வந்தார்.

“அதுகூட சண்டை போட்டீங்களா சார்?” டிரெவர் நோட்டை எடுத்தான்.

“எதுக்கு? வழியில படுத்திருந்துச்சு. போகச் சொன்னேன், போச்சு.”

“யாராவது படம் எடுத்தாங்களா?”

“துடைப்பத்த வச்சிட்டு நிக்கிறதையா?”

“நீங்க குடிச்சிருக்கீங்களா?”

“தம்பி, மணி காலையில எட்டு. நான் பாப்டிஸ்ட் சபைக்காரன், குடிக்கிறதில்ல.”

டிரெவர் ஏமாற்றத்தோடு ‘நிகழ்வு ஏதும் இல்லை’ என்று எழுதிக்கொண்டான். அன்று மதியம் வாசலை மறித்து நின்ற இரண்டு கொக்குகளுக்கு ஹோரஸ் வழிவிட்டுக் காத்திருந்தார். கொக்குகள் அவர் இடுப்பு உயரம் இருந்தன. அதுவும் நிகழ்வாகவில்லை. சாயங்காலம் ஏர்லீன் குளியலறையிலிருந்து தவளை ஒன்றை எடுத்து வெளியே விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் புயல் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு, புயல் ராத்திரி விருந்துக்கு இறைச்சி வாங்கப் புறப்பட்டார். டிரெவர் ஒன்றையும் எழுதவில்லை. இங்கே ஏதாவது நடக்குமா என்று மூன்று முறை கேட்டான்.

அவன் போன பிறகு ஏர்லீன் சொன்னாள்: “ஹோரஸ், சின்னதா ஏதாவது பண்ணித் தொலையேன். சட்டையில்லாம தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வா. அந்தப் பையன் சந்தோஷமா எழுதிக்குவான்.”

“எங்கப்பா சவப்பெட்டியிலகூட சட்டை போட்டுத்தான் படுத்தார்.”

“அவருக்கு அப்ப வியர்க்கல.”

“தாத்தா பேர வச்சுக்கறதுக்குத் தாத்தா வெட்கப்படற காரியம் பண்ணணுமா?”

“அந்தாளு செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. வெட்கப்பட்டா என்ன? உயிரோட இருக்கறவ நானு. உன்கூட ஊருக்குள்ள போக நான் வெட்கப்பட்டிருக்கனா? போன கிறிஸ்துமஸ்ல பாடினியே, அப்பக்கூட பட்டனா?”

வாரியம் நடத்திய பயிற்சி வகுப்புக்கு மட்டும் போக ஹோரஸ் ஒப்புக்கொண்டார். அரசாங்கம் அழைத்தால் போகாமல் இருப்பது மரியாதையில்லை.

வகுப்பு நிறைய ஒஹாயோ, மிச்சிகன் ஓய்வூதியக்காரர்கள். கடல் காற்றுக்காகக் குடிவந்து, உள்ளூர்க்காரர்களாக ஆக ஆசைப்பட்டவர்கள். பூப்போட்ட சட்டையில் இருந்த ஆசிரியர், காவலர் பிடித்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். “எல்லாரும் சேந்து சொல்லுங்க: ‘இந்த முதலை என்னோடது இல்ல!’”

“இந்த முதலை என்னோடது இல்ல!” என்று வகுப்பு முழங்கியது. முன்னாள் பல் மருத்துவர் ஒருவர் கண்ணீரோடு சொன்னார். அவருக்குத் தனிப் பாராட்டு கிடைத்தது.

ஹோரஸின் முறை வந்தது. பிளாஸ்டிக் பூநாரை ஒன்றை அவர் முன் வைத்து, அதனுடன் தகராறு செய்யச் சொன்னார்கள். ஹோரஸ் அதைச் சற்று நேரம் பார்த்தார். தொப்பியைத் தொட்டு, “மாலை வணக்கம்” என்றார்.

“கோவப்படுங்க மிஸ்டர் மைஸெல்!”

“அது எனக்கு ஒண்ணும் பண்ணலியே.”

அவர் தேறவில்லை. பல் மருத்துவருக்கு இரண்டு வருடத்தில் ஏதாவது தெருவின் பெயர் கிடைக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பாலம் கை மாறும் தேதி அறிவிக்கப்பட்டது. அன்று மாலையே ரிக்கி ஸ்பைவி வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

“மிஸ்டர் ஹோரஸ், சத்தியமா நான் கேக்கல சார். எனக்கு எதுக்கு சார் பாலம்? எங்க பாட்டனையும் உங்க தாத்தாதான் படகுல ஏத்தி விட்டாராம். அவரில்லன்னா நானே இல்ல.”

“உக்காரு ரிக்கி.”

“வேணாம் சார், டவுசர் ஈரம். ஒண்ணு சொல்லவா? என் அன்னத்த எடுத்துக்குங்க. ஒட்டு போட்டு வச்சிருக்கேன். ராத்திரியில வேணாம், பகல்ல, நல்லா எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு ரவுண்டு…”

“வேணாம்ப்பா.”

“தொப்பி உங்ககிட்டயே இருக்கு.”

“ரிக்கி.”

“சரி சார்.” போகத் திரும்பியவன் தயங்கினான். “உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. அந்த வெண்கலப் பலகைய உருக்கப் போறாங்களாம். என் அன்னத்துக்குச் சிலை வைக்கிறாங்க. மூக்குக்கு வெண்கலம் போதலையாம்.”

ஹோரஸ் இயக்குநருக்குத் தொலைபேசியில் பேசினார். உண்மைதான் என்றார் இயக்குநர். “இதுல உங்களுக்குச் சந்தோஷந்தான் இருக்கணும். உங்க தாத்தாவும் இந்தப் பாலத்துல ஒரு அங்கமா தொடர்ந்து இருப்பார்.”

“மூக்காவா மேடம்?”

“அலகுன்னு சொல்லுங்க, இன்னும் கௌரவமா இருக்கும்.”

மறுநாள் விடிந்ததும் ஹோரஸ் சவ அடக்கங்களுக்கு அணியும் கோட்டைப் போட்டுக்கொண்டார். கழுத்துப்பட்டியை இறுக்கிக் கட்டினார். திருப்புளியை எடுத்துக்கொண்டு கோல்ஃப் வண்டியில் பாலத்துக்குப் போனார். பலகையின் திருகுகள் உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தன. ஒன்றைக் கழற்றுவதற்குள் பாலத்தில் மீன் பிடிக்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். என்ன செய்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் எண்ணெய் கொடுத்தார். இன்னொருவர் தூண்டிலைப் போட்டுவிட்டு வந்து பலகையின் மறுமுனையைத் தாங்கினார்.

கடைசித் திருகு கழன்றபோது துணை ஷெரிஃப் டார்னெல் போலீஸ் வண்டியில் வந்து சேர்ந்தான். ஹோரஸ் ஞாயிறு பள்ளியில் அவனுக்குப் பைபிள் சொல்லிக்கொடுத்தவர்.

“காலை வணக்கம் மிஸ்டர் ஹோரஸ். அது அரசாங்கச் சொத்து சார்.”

“இது என் தாத்தா, டார்னெல்.”

“எனக்குத் தெரியும் சார். திருப்பி மாட்டிருங்க, நான் ஒண்ணும் பாக்கல.”

“மாட்டினா உருக்கிருவாங்க.”

டார்னெல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “அப்ப கைய நீட்டுங்க சார். மெதுவா. விலங்கு இறுக்கமா இருந்தா சொல்லுங்க.”

ஃப்ளோரிடாவில் ஒருவரைக் கைது செய்தால் காவல் குறிப்பை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். உள்ளூர் நிருபர் ஒருவர் காலை காபியோடு அதைத்தான் படிப்பார். மதியத்துக்குள் உலகம் முழுவதும் செய்தி போய்விட்டது: ‘சவ அடக்கக் கோட்டில் பாலத்தைத் திருடி கோல்ஃப் வண்டியில் ஏற்ற முயன்ற ஃப்ளோரிடா ஆள்.’ படத்தில் ஹோரஸ் விலங்கோடு நிமிர்ந்து நின்றார். ஒருவேளை நார்வேயிலும் பார்த்தார்கள். அவர் பெயர் எங்கும் இல்லை. அந்த மாதிரிச் செய்தியில் பெயர் போடும் வழக்கமில்லை.

அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு இயக்குநரிடமிருந்து பூங்கொத்து வந்திருந்தது. பாலத்தின் பெயர் நிலைத்துவிட்டது. அன்னச் சிலையைக் கடற்கரைக் கழிப்பறைக்கு மாற்றிவிட்டார்கள். ரிக்கிதான் அதிகம் மகிழ்ந்தான்.

விழாவில் டாக்டர் பிரெண்டா பேசினார். “ஆறு தலைமுறையா இந்தக் குடும்பம் தன்னை அடக்கி வச்சிருந்திருக்கு. நினைச்சாலே மனசு கனக்குது. ஆனா இந்த மண்ணுக்குள்ள என்ன இருக்கோ அது ஒருநாள் வெளிய வந்தே தீரும்னு மிஸ்டர் மைஸெல் நிரூபிச்சிட்டார். அவர் ஒரு பாலத்தத் திருடினார். பதிலுக்கு நாங்க அவருக்கு ஒரு பாலம் தர்றோம்!”

திரையை விலக்கினார்கள். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஓர் ஆள், கக்கத்தில் பலகையோடு, பதுங்கி ஓடுவதுபோல ஒரு சிலை. பதுங்கல் ஹோரஸின் உடம்பில் எங்கும் இல்லாதது. சிற்பி அதைக் கலைக்காகச் சேர்த்திருந்தார். அடியில் ‘மைஸெல்’ என்று மட்டும் இருந்தது. பழைய பலகை வழக்குச் சான்றாக ஷெரிஃப் கிடங்கில் கிடந்தது.

அன்று முதல் சுற்றுலாப் பேருந்துகள் பாலத்தில் நின்று போகத் தொடங்கின. வழிகாட்டிகள் மைஸெல் என்றால் திருடிய ஆள் என்றுதான் சொன்னார்கள். ஒருநாள் ஹோரஸ் பாலத்தின் தலைமாட்டில் தொப்பியைக் கழற்றியபோது, பிள்ளையைத் தோளில் வைத்திருந்த ஓர் அப்பா சிரித்துக்கொண்டே, “பாருடா, இவரும் அதே மாதிரி கோட்டு போட்டிருக்கார்!” என்றார். பிள்ளை ஹோரஸிடம், “நீங்க என்ன திருடுனீங்க?” என்று கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை ஹோரஸ் ஏர்லீனுடன் மறுபடியும் சுறாவின் வாய்க்குள் போனார். இந்த முறையும் குனியவில்லை.

“மேடம், பாலத்திலேருந்து எங்க பேர எடுத்துருங்க.”

இயக்குநர் திகைத்துப்போனார். “பேரு நிலைக்கணும்னுதானே நீங்க இவ்வளவும் பண்ணீங்க!”

“தாத்தா பேரு நிலைக்கணும்னு பண்ணேன். இப்ப அங்க நிக்கிறது அவரில்ல. அவர யாருக்கும் தெரியாம போனாலும் பரவாயில்ல. திருடன்னு தெரியவேணாம்.”

“திருடன்னா நாங்க சொல்றோம்? ஆளுமைன்னு சொல்றோம்.”

“எடுத்துருங்க மேடம்.”

அவருடைய குரலில் இருந்த எதுவோ இயக்குநரை யோசிக்க வைத்தது. உதவி செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். விதிகளை எடுத்துப் புரட்டினார். நெடுநேரம் புரட்டி, கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு வழி இருக்கு மிஸ்டர் மைஸெல். ஆனா குடும்பப் பேர விலக்கிக்கச் சொல்லி விண்ணப்பம் போடறவர் களங்கமில்லாதவரா இருக்கணும். கண்டவனும் வந்து பாலத்துப் பேர எடு, தெருப் பேர எடுன்னு கேக்கக்கூடாதில்லையா? அதுக்காக வச்ச விதி. உங்க மேல ஒரு கைது இருக்கே.”

ஹோரஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கைதாகறதுக்கு முன்னாடி வந்திருந்தா தாராளமா எடுத்திருக்கலாம்,” என்றார் இயக்குநர், மிகுந்த வருத்தத்தோடு.

“அவர் மேல கைது இருக்கு. எம்மேல இல்லியே, நான் கேட்டா?” என்றாள் ஏர்லீன்.

“நீங்க மைஸெல் குடும்பத்துல பொறந்தவங்க இல்லையே மேடம்.”

“அம்பத்திரண்டு வருஷமா சமைச்சுப் போட்டிருக்கேன்.”

“அதுக்கு இங்க விதி இல்ல.”

வெளியே வெயில் கொளுத்தியது. கோல்ஃப் வண்டியில் ஏறியதும் ஹோரஸ் பாலத்தின் பக்கம் திருப்பாமல் எதிர்ப்பக்கம் திருப்பினார்.

“வீடு அந்தப் பக்கம்,” என்றாள் ஏர்லீன்.

“தெரியும்.”

“பாலத்துல போகாம எப்படிப் போவ? பறந்தா?”

“நெடுஞ்சாலையில போயி சுத்தி வரலாம்.”

“நெடுஞ்சாலையில இந்த வண்டிக்கு அனுமதி இல்ல ஹோரஸ். லாரி போற ரோடு.”

“அந்தப் பேருக்குக் கீழ நான் இனிமே போகமாட்டேன் ஏர்லீன். நீ வேணும்னா இறங்கி நடந்து போ. கோவிச்சுக்கமாட்டேன்.”

ஏர்லீன் அவரைப் பார்த்தாள். கைப்பையை மடியில் வைத்து, கூரையைத் தாங்கிய கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நடக்கறதா, இந்த வெயில்லயா. ஓட்டு.”

நெடுஞ்சாலையில் அவர்களுக்குப் பின்னால் லாரிகள் வரிசை கட்டின. சிறிது நேரத்தில் பின்னாலிருந்து நீலமும் சிவப்புமாக வெளிச்சம் சுழன்றது. டார்னெலின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

“மிஸ்டர் ஹோரஸ், தயவுசெஞ்சு ஓரமா நிறுத்துங்க சார். கெஞ்சிக் கேக்கறேன். மேற்கொண்டு போகாதீங்க. இப்படியே போனா இத ‘துரத்தல்’னுதான் நான் எழுதியாகணும்!”

ஹோரஸ் முதுகை நேராக வைத்துக்கொண்டு ஓட்டினார். வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்கும் அளவுக்கு அந்த வண்டியில் வேகமும் இல்லை. எதிரே வந்த கார்களில் ஆட்கள் சன்னல் வழியே கைகளை நீட்டிப் படம் எடுத்தார்கள். ஏர்லீன் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி முடியைச் சரிசெய்துகொண்டாள்.